பின்னால் இருப்பவர் பொதியல்லர்

"மோட்டார் சைக்கிளைச் செலுத்திச் சென்றவர் சிறு காயங்களுடன் உயிர் தப்பினார். பின்னால் அமர்ந்து பயணித்த அவரது மனைவி வைத்தியசாலையில் உயிரிழந்தார்."

நாளிதழின் உட்பக்கத்தில் நான்கு வரிக்குள் அடங்கிவிடும் செய்தி இது. பத்திரிகைத் தொழிலில் நான் கழித்த ஆண்டுகளில், ஊரின் பெயரும் இறந்தவரின் வயதும் மட்டும் மாற, இதே வாக்கியம் எத்தனை முறை அச்சேறியது என்பதற்குக் கணக்கில்லை. 'கட்டுப்பாட்டை இழந்து' என்ற தேய்ந்த தொடர் ஒன்றைச் சேர்த்துவிட்டால் செய்தி முடிந்துவிடும். அந்தப் பெண் எப்படி அமர்ந்திருந்தார், எதைப் பிடித்திருந்தார், மடியில் என்ன வைத்திருந்தார், உடை எங்கே சிக்கியது, ஏறும்போது விழுந்தாரா, இறங்கும்போது விழுந்தாரா என்று எந்த நிருபரும் கேட்பதில்லை. கேட்டு வா என்று அனுப்பும் ஆசிரியரையும் நான் கண்டதில்லை. வண்டிக்கு ஓர் ஓட்டுநர் உண்டு. பின்னால் இருப்பது ஒரு சுமை. நமது செய்திகளும் சட்டமும் சாரதிப் பரீட்சையும் குடும்பத் தலைவர்களும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டிருக்கும் கொள்கை இதுதான்.

இந்தக் கொள்கையை எதிர்த்துத்தான் இதை எழுதுகிறேன். மோட்டார் சைக்கிளில் ஒருவரை ஏற்றுவதும் இறக்குவதும் எழுதுவதற்கு ஒரு விடயமா என்று சிலர் சிரிக்கக்கூடும். இலங்கையில் பதிவு செய்யப்பட்ட வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்கள். ஆகவே இந்நாட்டுக் குடும்பத்தின் வாகனம் காரன்று, மோட்டார் சைக்கிளே. அந்தக் குடும்பத்தில் பாதிப் பேர் பின்னிருக்கையில் இருக்கிறார்கள். சிரிப்பதற்கு இதில் எதுவுமில்லை.

கலகெதரவை மனத்தில் வைத்தே பேசுகிறேன். கட்டுகஸ்தொட்டையில் தொடங்கிக் குருநாகல் ஊடாகப் புத்தளம் செல்லும் ஏ-10 வீதியில், கண்டி மலைப்பகுதி சரிந்து குருநாகல் சமவெளியை நோக்கி இறங்கும் விளிம்பில் இருக்கிறது இந்தச் சிறு நகரம். 1803இல் கண்டி மீது படையெடுத்து வந்த பிரித்தானியர் போரிட்டுக் கைப்பற்றிய காவலரண்களில் கலகெதரவும் ஒன்று. அன்று படைகளைத் திணறடித்த ஏற்றமும் வளைவும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. மத்திய அதிவேகப் பாதையின் ஒரு கட்டம் பொத்துஹெரவிலிருந்து கலகெதர வரை எனத் திட்டமிடப்பட்டதைச் சொல்லிப் பெருமைப்படுவோர் உண்டு. அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். பெரும்பான்மை மக்களுக்குக் கிடைப்பது அதே பழைய வீதியும் அதன் ஓரத்துக் கானும்தான்.

காலை ஏழு மணிக்கு அந்த வீதியோரத்தில் நின்று பாருங்கள். கணவன் ஓட்டுகிறான். பெற்றோல் தாங்கியின் மேல் ஒரு குழந்தை. பின்னால் சேலை உடுத்த ஆசிரியை ஒருவர், இரு கால்களையும் இடப்பக்கம் தொங்கவிட்டுப் பக்கவாட்டில் அமர்ந்திருக்கிறார். மடியில் கைப்பை, சோற்றுப் பெட்டி, திருத்திய அப்பியாசக் கொப்பிகள். மழை தூறினால் விரித்த குடையும் சேர்ந்துகொள்ளும். காற்று அதைப் பாய்மரம்போல் இழுக்கும். ஒரு கை பையில், ஒரு கை குடையில் என்றால், தம்மைப் பிடித்துக்கொள்ள அவருக்கு மூன்றாவது கை எங்கே இருக்கிறது?

முதலில் ஏறுவதைப் பார்ப்போம். நம்மூர் வீதிகளில் ஓடும் சாதாரண வண்டி நூறு கிலோவைச் சற்றே தாண்டும் எடையுள்ளது. அதன்மீது ஐம்பது அறுபது கிலோ எடையுள்ள ஒருவர், இடப்பக்கத்துக் கால்மிதியில் முழுப் பாரத்தையும் ஊன்றி ஏறுகிறார். அந்தக் கணத்தில் வண்டி இடப்பக்கம் சாய்ந்தே தீரும். ஓட்டுபவரின் இரு கால்களும் தரையில் அழுந்தி நின்றால் தாங்கலாம். ஆனால் அவர் ஒரு காலை மட்டும் ஊன்றி, கியரைப் போட்டு, கிளட்சைப் பிடித்தபடி, மறு கையால் தொலைபேசியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டிருக்கிறார். வீதியும் சமமாக இருப்பதில்லை. மழைநீர் வடிவதற்காக நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருக்கும்படிதான் வீதிகளை அமைக்கிறார்கள். நாம் வண்டியை நிறுத்துவதோ ஓரத்தில். வண்டி ஏற்கெனவே கானை நோக்கிச் சாய்ந்து நிற்கிறது. அதன்மேல் மனைவி ஏறுகிறார். விழுவதற்கு வேறென்ன வேண்டும்?

செய்ய வேண்டியது எளிது. ஓட்டுபவரே முதலில் ஏற வேண்டும். சமமான இடத்தில், வண்டியை நிமிர்த்தி, சைட் ஸ்டாண்டை மடித்து, கியரை நியூட்ரலில் வைத்து, முன் பிரேக்கை இறுகப் பிடித்து, இரு பாதங்களையும் தரையில் ஊன்ற வேண்டும். பின்னிருக்கைக்குரிய கால்மிதிகளை அதற்கு முன்பே அவரே விரித்துவைக்க வேண்டும். பின்னால் வருபவர் தலைக்கவசத்தை அணிந்து வாரைப் பூட்டிய பிறகே ஏற வேண்டும். ஏறிய பிறகு வாரைத் தேடுவது கூடாது. ஏறுவது இடப்பக்கத்திலிருந்து. இந்நாட்டில் வாகனங்கள் இடப்பக்கம் செல்வதால் நடைபாதை அந்தப் பக்கம்தான் இருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் கொதிக்கும் சைலன்சர் வலப்பக்கம் இருப்பதும் இன்னொரு காரணம். கெண்டைக்காலில் சைலன்சர் சுட்ட வடு இல்லாத வீடு நம்மிடையே எத்தனை? 'ஏறட்டுமா?' என்று பின்னவர் கேட்க வேண்டும். 'ஏறுங்கள்' என்று முன்னவர் சொல்ல வேண்டும். அமர்ந்து, பிடித்து, உடையை ஒதுக்கி, 'சரி' என்ற சொல் பின்னாலிருந்து வரும்வரை கிளட்சை விடக்கூடாது. மூன்று சொற்கள்தாம். இவற்றைச் சொல்லிக்கொள்ளக் கூசும் தம்பதியர், வாயில் வார்த்தை வராமல் வைத்தியசாலை வாசலில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இறங்குவது இன்னும் ஆபத்தானது. காரணம், அது அவசரத்தில் நடக்கிறது. பாடசாலை மணி அடிக்கிறது, பஸ் புறப்படப் பார்க்கிறது. வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே ஒரு கால் தரையைத் தேடுகிறது. மேலுடல் முன்னோக்கி நகர்ந்துகொண்டிருக்க, பாதம் மட்டும் தரையில் நின்றுவிட்டால் உடல் குப்புற விழும். ஓடும் பஸ்ஸிலிருந்து குதித்தால் என்ன ஆகும் என்பதை அறிந்தவர்களே மோட்டார் சைக்கிளில் அதை மறந்துவிடுகிறார்கள். மறுபுறம், பாரம் குறைந்ததை உணர்ந்ததும் மனைவி இறங்கிவிட்டாள் என்று எண்ணி வண்டியை எடுத்துவிடும் கணவர்களும் உண்டு. சேலை நுனி இன்னும் கால்மிதியில் சிக்கியிருப்பது அவருக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்க வேண்டும். பார்த்த பிறகே நகர வேண்டும். முதலில் ஏறியவர் கடைசியில் இறங்க வேண்டும். கலகெதர போன்ற மலைப்பாங்கான ஊரில், சரிவில் ஏற்றவோ இறக்கவோ கூடாது. பத்து யார் தள்ளிச் சமமான இடம் இருந்தால் அங்கே போய் நிறுத்துவதில் கௌரவம் குறைந்துவிடாது.

இனிப் பக்கவாட்டில் அமரும் வழக்கத்துக்கு வருகிறேன். இதைப் பற்றிப் பேசினால் பலருக்குக் கோபம் வரும் என்பதை அறிந்தே வருகிறேன்.

இரு பக்கமும் காலிட்டு அமர்பவர் முழங்கால்களால் இருக்கையைப் பற்றிக்கொள்கிறார். இரு பாதங்களும் இரு மிதிகளில் ஊன்றியிருக்கின்றன. கண் முன்னால் இருப்பதால் வளைவும் பள்ளமும் அவருக்கும் தெரிகின்றன. பக்கவாட்டில் அமர்பவருக்கு இவற்றில் எதுவுமில்லை. முழங்கால்கள் காற்றில் நிற்கின்றன. பிரேக் போட்டால் அவருடைய உடல் விலாப்புறமாகத் தள்ளப்படுகிறது. தாங்குவதற்கு ஒரு கைதான் உண்டு. இடப்பக்க வளைவில் அவருடைய பாதங்கள் மதகுக் கட்டையையும் கான் விளிம்பையும் உரசுமளவுக்கு வெளியே நீண்டிருக்கின்றன. பாரம் ஒரு பக்கம் கூடுவதால் ஓட்டுபவர் ஒவ்வொரு கணமும் வண்டியை மறுபக்கம் ஈடுசெய்தபடி ஓட்ட வேண்டியிருக்கிறது. ஓட்டுபவரை இப்படி உட்காரச் சொல்லுங்கள். 'பைத்தியமா?' என்று கேட்பார். அவருக்குப் பைத்தியக்காரத்தனமாகப் படுவது அவருடைய மனைவிக்கு மட்டும் எப்படிப் பண்பாடாகிறது?

பிரித்தானியாவில் இந்தக் கேள்விக்குச் சட்டமே விடை சொல்லியிருக்கிறது. அந்நாட்டு நெடுஞ்சாலைக் கோவையின் 85ஆம் விதி, பின்னால் ஒருவரை மட்டுமே ஏற்றலாம் என்றும் அவர் முறையான இருக்கையில் இரு பக்கமும் காலிட்டே அமர வேண்டும் என்றும் சொல்கிறது. அது அறிவுரையன்று, சட்டக் கட்டளை. ஓட்டப் பழகும் நிலையில் உள்ளவர் பின்னால் எவரையும் ஏற்றுவதே அங்கே குற்றம். நமது செய்முறைப் பரீட்சையில் எட்டு வளைத்துக் காட்டுகிறார்கள், காலை ஊன்றாமல் ஓட்டிக் காட்டுகிறார்கள். தனியாக. பின்னால் ஒருவரை ஏற்றி, பத்து மீற்றர் ஓட்டி, இறக்கிக் காட்டு என்று எவரும் கேட்பதில்லை. மறுநாளே அந்த இளைஞர் தாயாரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பிரதான வீதிக்கு வருகிறார். பின்பாரம் கூடினால் முன்சக்கரம் இலேசாகும், நிற்பதற்குக் கூடுதல் தூரம் வேண்டும், டயரின் காற்றழுத்தத்தைக் கூட்ட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவர் அவற்றைக் கற்றுக்கொள்வது தாயாரை வைத்துத்தான்.

'சேலை கட்டிய பெண் எப்படி இரு பக்கமும் காலிடுவாள்?' என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அதை என்னிடம் கேட்காதீர்கள். கல்வி அமைச்சிடம் கேளுங்கள்.

2022ஆம் ஆண்டை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பொருளாதாரம் சரிந்து, எரிபொருளுக்குக் கியூ ஆர் அட்டை வந்து, தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று அளந்து ஊற்றிய ஆண்டு அது. பஸ்கள் குறைந்தன, முச்சக்கர வண்டிக் கட்டணம் எட்டாத உயரத்துக்குப் போனது. அந்த நவம்பரில் ஆசிரியைகள் சிலர் சேலையை விடுத்து எளிய, கண்ணியமான வேறு உடைகளில் பாடசாலைக்கு வந்தார்கள். சேலையின் விலை, அதை உடுத்துப் பயணம் செய்வதன் சிரமம் எல்லாம் அவர்கள் முன்வைத்த காரணங்கள். நாடே இரண்டுபட்டது. பண்பாடு அழிந்தது என்று கூவியவர்கள் எத்தனை பேர்! ஆசிரியைகளின் உடையில் மாற்றமில்லை என்பதே அமைச்சு அன்று தந்த விடை. அந்த விவாதம் முழுவதிலும் மாணவரின் ஒழுக்கம் பேசப்பட்டது, நாட்டின் மரபு பேசப்பட்டது, ஆசிரியத் தொழிலின் மாண்பு பேசப்பட்டது. மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம் பேசப்பட்டதாக எனக்கு நினைவில்லை. ஒரு பெண்ணைச் சேலை உடுத்தச் சொல்லும் அரசு, அவள் பாடசாலைக்குப் போய்ச் சேர வாகனம் தருவதில்லை. வேலைக்கு வா, சேலையில் வா, எப்படி வருவாய் என்பது உன் பாடு! இதைவிடப் பொறுப்பற்ற கட்டளை வேறு உண்டா?

கேரளத்தைப் பாருங்கள். 2021 நவம்பரில் அம்மாநில உயர்கல்வித் துறை, ஆசிரியைகள் சேலைதான் உடுத்த வேண்டும் என்று கல்வி நிறுவனங்கள் வற்புறுத்தக்கூடாது என்று உத்தரவிட்டது. கேரளத்தில் கல்வியின் தரம் அதனால் சரிந்துவிடவில்லை.

சேலையை நான் எதிர்க்கவில்லை. உடுத்த விரும்புபவர் உடுத்தட்டும். அபாயா அணிபவர் அணியட்டும். ஒசரி உடுத்துபவர் உடுத்தட்டும். துப்பட்டா போடுபவர் போடட்டும். ஆனால் சக்கரத்துக்கு இனமும் மதமும் தெரியாது. ஐஸடோரா டங்கன் என்ற புகழ்பெற்ற நடனக் கலைஞர் 1927 செப்டெம்பர் 14ஆம் திகதி பிரான்ஸின் நீஸ் நகரில் திறந்த காரில் புறப்பட்டபோது, கழுத்தில் சுற்றியிருந்த நீண்ட சால்வை சக்கரத்தில் சிக்கி இறந்தார். கழுத்துத் துணி சுழலும் பாகத்தில் சிக்கி நேரும் காயங்களுக்கு மருத்துவ ஏடுகள் அவருடைய பெயரையே சூட்டியிருக்கின்றன. அவர் போன காருக்காவது பெயர் உண்டு, ஊர் உண்டு, வரலாற்றில் ஒரு பக்கம் உண்டு. நம்மூர் வீதிகளில் முந்தானை சிக்கி விழுந்தவர்களுக்கு நான்கு வரிச் செய்திதான்.

இந்தியாவில் இதற்கென்று சட்டம் இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி, பின்னிருக்கை உள்ள ஒவ்வொரு மோட்டார் சைக்கிளுக்கும் மூன்று பொருட்களைக் கட்டாயமாக்குகிறது: நிலையான கைப்பிடி, கால்மிதி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு. பின்னால் இருப்பவரின் உடை சக்கரத்தில் சிக்காதிருக்கவே அந்தத் தடுப்பு என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. நம் கராஜ்களில் 'சாரி காட்' என்று அழைக்கப்படுவது அதுதான். இங்கே ஓடும் பஜாஜ், ஹீரோ, டீ.வீ.எஸ். வண்டிகள் அந்நாட்டிலிருந்தே வருகின்றன. வந்த பிறகு நடப்பதென்ன? வண்டி அழகாகத் தெரிய வேண்டும் என்று இளைஞர்கள் முதல் வேலையாகக் கழற்றி எறிவது அந்தத் தடுப்பைத்தான். அடுத்தது பின்கைப்பிடி. பின் அந்த வண்டி இரண்டாம் கையாக ஒரு குடும்பஸ்தனிடம் போகிறது. அவன் மனைவி அதில் சேலையோடு ஏறுகிறாள். கழற்றியவன் யாரோ, விழுபவள் யாரோ.

இனிப் பண்பாட்டுக் காவலர்களுக்கு ஒரு சொல். 2013 ஜனவரியில் இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் லோக்சுமாவே நகர மேயர், பெண்கள் மோட்டார் சைக்கிளில் இரு பக்கமும் காலிட்டு அமரக்கூடாது, பக்கவாட்டில்தான் அமர வேண்டும் என்று அறிவித்தார். உலகமே அதைக் கண்டு வியந்தது. நம்மவர்களும் பத்திரிகையில் படித்துவிட்டு 'இதென்ன கொடுமை' என்றார்கள். ஆச்சேயில் மேயர் அறிவித்துச் செய்ததை, நம்மூரில் மாமியாரும் அடுத்த வீட்டுக்காரரும் அறிவிக்காமலே செய்துகொண்டிருக்கிறார்கள் என்பது மட்டும் நம் கண்ணுக்குப் படவில்லை.

அதுவும் நம் பண்பாடுதானா? ஐரோப்பிய உயர்குடிப் பெண்கள் குதிரைமேல் பக்கவாட்டில் அமர்ந்தார்கள். அதற்கென்று தனிச் சேணம் செய்தார்கள். பிறகு அவர்களே அதைக் கைவிட்டுவிட்டார்கள். மராட்டியப் பெண்களின் ஒன்பது கஜச் சேலையோ கால்களுக்கிடையே கொடுத்துக் கட்டப்படுவது. அதை உடுத்து இரு பக்கமும் காலிட்டு அமர எந்தத் தடையும் இல்லை. ஆகவே சேலைக்கும் பக்கவாட்டு இருக்கைக்கும் நாமே போட்ட முடிச்சு அது. போட்டவர்கள் அவிழ்க்கலாம்.

'ஏழையின் வாகனத்தில் வந்து ஏன் கை வைக்கிறீர்கள்?' என்று கேட்போருக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கையின்படி, வீதி விபத்துகளில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் இறக்கிறார்கள். அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இயந்திர இரு சக்கர, முச்சக்கர வாகனங்களில் சென்றவர்கள். ஏழைக்குத்தான் விபத்து பேரழிவு. உழைக்கும் இரு கைகளில் ஒன்று போனால் அந்த வீடு எழுவதற்கு ஒரு தலைமுறை ஆகும். நான் கேட்பவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் செலவே இல்லை. 'ஏறட்டுமா' என்று கேட்பதற்குக் காசு வேண்டாம். திரும்பிப் பார்ப்பதற்குக் காசு வேண்டாம். கழற்றிய தடுப்பை மீண்டும் பூட்டுவதற்கு வேண்டிய பணம், அந்த வண்டிக்கு ஒட்டிய அலங்காரப் பட்டைகளுக்குக் கொடுத்ததைவிட அதிகமாக இராது.

அரசிடம் நான் கேட்பவை மூன்று. சாரதிப் பரீட்சையில் பின்னால் ஒருவரை ஏற்றி, ஓட்டி, இறக்கிக் காட்டுவதைச் சேருங்கள். பின்கைப்பிடியும் சக்கரத் தடுப்பும் கழற்றப்பட்ட வண்டியைத் தலைக்கவசம் இல்லாத தலையைப் போலவே வீதியில் நிறுத்திக் கேளுங்கள். தொழிலுக்குப் போகும் பெண் எந்தக் கண்ணியமான உடையில் போவது என்பதை அவளிடமே விட்டுவிடுங்கள். பத்திரிகை நண்பர்களிடம் கேட்பது ஒன்று. அடுத்த முறை அந்த நான்கு வரிச் செய்தி மேசைக்கு வரும்போது, ஐந்தாவது வரி ஒன்றைக் கேட்டு எழுதுங்கள்: அவர் எப்படி அமர்ந்திருந்தார், அந்த வண்டியில் தடுப்பு இருந்ததா?

குடும்பத் தலைவர்களே, சட்டம் வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. நாளைக் காலை வண்டியை முற்றத்தில் சமமாக நிறுத்தி, இரு கால்களையும் ஊன்றி, பின்னால் இருந்து 'சரி' என்ற ஒரு சொல் வரும்வரை காத்திருங்கள். அந்த ஒரு சொல்லுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாதவருக்கு, பின்னால் ஒருவரை ஏற்றிக்கொள்ளும் உரிமையும் இல்லை.